எஞ்சின் ஆயில் மாற்றுவது: கேன் அளவு வேறு, எஞ்சின் அளவு வேறு

"அண்ணே, சின்ன பெட்ரோல் காருக்கு ஆயில் வேணும்" என்று ஸ்பேர் கடையில் கேட்டால், பெரும்பாலும் மூன்றரை லிட்டர் கேன் ஒன்று கைக்கு வரும். "முழுசா ஊத்திரலாமாண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். "ஊத்துங்க, ஒண்ணும் செய்யாது" என்ற பதிலே அதிகம் வரும். செய்யும். கேன் அளவை ஆயில் கம்பெனி தீர்மானிக்கிறது. எஞ்சினுக்கு வேண்டிய அளவை எஞ்சினைச் செய்தவர்கள் தீர்மானித்துக் கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

ஆயில் மாற்றுவதில் பழையதை வடிப்பதும் ஃபில்டரைக் கழற்றுவதும் கைப்பழக்கம். இரண்டு முறை செய்தால் வந்துவிடும். அளந்து ஊற்றுவதில்தான் கெட்டிக்காரர்களும் தவறுகிறார்கள். அதனால் இந்த அத்தியாயத்தில் அளவைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். மதுரையில் திருநகர், ஹார்விபட்டி, பசுமலை, தனக்கன்குளம் பக்கம் வீட்டு போர்டிகோவில் கார் நிறுத்துபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒரு ஞாயிறு காலை, இரண்டு மணி நேரம் போதும்.

எப்போது மாற்ற வேண்டும்

இன்றைய பெட்ரோல் கார்களின் கையேடுகளில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது, என்ற கணக்கே பரவலாக இருக்கிறது. ஆனால் அதே கையேட்டின் பின்பக்கத்தில் "கடினமான பயன்பாடு" என்று தனிப் பட்டியல் ஒன்று இருக்கும். பலர் அதைப் படிப்பதில்லை. தூசு நிறைந்த சாலை, நெரிசலில் ஊர்ந்து போவது, கடும் வெயில், அடிக்கடி மிகக் குறைந்த தூரம் ஓட்டுவது எல்லாம் அந்தப் பட்டியலில் வரும்.

நம் பகுதிக் கார்களின் வாழ்க்கையைப் பாருங்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட இரண்டு கிலோமீட்டர். மாலையில் திருப்பரங்குன்றம் வரை போய்வர ஒரு ஓட்டம். எஞ்சின் முழுச் சூடு ஏறும் முன்பே அணைத்துவிடுகிறோம். அப்போது எஞ்சினுக்குள் சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலோடு கலந்துவிடுகின்றன. ஓடோமீட்டரில் 4,000 கிலோமீட்டர்தான் ஏறியிருக்கும். ஆயிலோ களைத்துப் போயிருக்கும். இப்படி ஓடும் காருக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. வாரம் ஒரு முறை திண்டுக்கல்லோ விருதுநகரோ போய்வரும் கார் என்றால் கையேட்டின் சாதாரணக் கணக்கே போதும்.

கார் உத்தரவாதக் காலத்தில் இருந்தால், நீங்களே மாற்றலாமா என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு இறங்குங்கள். மாற்றினால் ஆயில் பில், ஃபில்டர் பில் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

எந்த ஆயில்

கேனின் மேல் 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்று போட்டிருக்கும். முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு. எண் குறையக் குறைய எளிதாக ஓடும். இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் தடிமனுக்கு. கோட்பாடு இவ்வளவு போதும்.

"மதுரை வெயிலுக்கு மெல்லிசு ஆயில் தாங்காது, 20டபிள்யூ-50 ஊத்துங்க" என்ற அறிவுரையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பழைய அம்பாசடர் காலத்து எஞ்சின்களுக்கு அது பொருந்தியது. இன்றைய எஞ்சினில் தெர்மோஸ்டாட் இருக்கிறது. வெளியே 30 டிகிரியோ 41 டிகிரியோ, உள்ளே சூட்டை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் இடுக்குகளும் மெல்லிய ஆயிலுக்கென்றே கடையப்பட்டவை. தடித்த ஆயிலை ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மேலே இருக்கும் கேம் ஷாஃப்டுக்கு அது போய்ச் சேரத் தாமதமாகும். எஞ்சின் தேய்மானத்தில் பெரும்பங்கு அந்தச் சில நொடிகளில்தான் நடக்கிறது. கையேட்டில் வெப்பநிலைப் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் நம் ஊர் வெயிலுக்கு அனுமதித்த எண்களுக்குள் மட்டும் தேர்ந்தெடுங்கள்.

எண்ணோடு தரக்குறியீட்டையும் பாருங்கள். பெட்ரோல் கார் என்றால் ஏபிஐ எஸ்என், ஏபிஐ எஸ்பி போன்றவை. எஸ்பி 2020-இல் வந்தது. எஸ்என் கேட்கும் எஞ்சினுக்கு எஸ்பி தாராளமாகப் போடலாம். டீசல் காரில் கூடுதல் கவனம் தேவை. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைவான ஆயில் வேண்டும். கையேட்டில் ஏசிஇஏ சி2, சி3 என்பது போலக் குறிப்பிட்டிருப்பார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று சாதாரண டீசல் ஆயிலை ஊற்றினால், ஆயிலில் மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பல மடங்கை வடிகட்டிக்குக் கொடுக்க நேரும்.

போலி ஆயில் சந்தையில் உண்டு. காலியான அசல் கேனில் வேறு எதையாவது ஊற்றி மூடி விற்பார்கள். மூடி வளையம் உடையாமல் இருக்கிறதா, உள்ளே அலுமினியத் தாள் முத்திரை முழுதாக இருக்கிறதா, தயாரிப்புத் தேதியும் பேட்ச் எண்ணும் அழியாத மையில் இருக்கின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். பில் வாங்குங்கள். உங்கள் காலிக் கேனையும் ஆணியால் குத்தி ஓட்டை போட்ட பிறகே பழைய பொருட்காரரிடம் கொடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

- கையேடு சொன்ன ஆயில், அதே மாடலுக்கான ஆயில் ஃபில்டர், ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் (செம்பு அல்லது அலுமினியம்)
- போல்ட்டுக்குச் சரியான ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர். பெரும்பாலும் 14, 17, 19 ஆகியவற்றில் ஒன்று பொருந்தும். திறந்த வாய் ஸ்பேனர் வேண்டாம். போல்ட்டின் மூலையை வழித்துவிடும்.
- ஃபில்டர் கழற்றும் கப் அல்லது பெல்ட்
- டிராலி ஜாக்கி ஒன்று, இரும்பு ஸ்டாண்ட் இரண்டு
- பழைய ஆயிலைப் பிடிக்க ஏழெட்டு லிட்டர் கொள்ளும் அகலமான தொட்டி, காலி ஐந்து லிட்டர் கேன்
- 100 மி.லி. கோடு போட்ட அளவுக் குவளை, புனல்
- பனியன் வேஸ்ட் துணி, நைட்ரைல் கையுறை, பழைய செய்தித்தாள், அரைப்படி மணல் அல்லது மரத்தூள்

அளவுக் குவளையைத்தான் பலரும் வாங்காமல் விடுகிறார்கள். பட்டியலில் முக்கியமான சாமான் அதுதான்.

இடம், பாதுகாப்பு

தரை மட்டமாக இருக்க வேண்டும். நம் பகுதியில் தெரு மட்டத்தைவிட வீடு உயரமாக இருப்பதால் போர்டிகோவுக்கு ஏறும் சரிவு இருக்கும். காரின் முன்சக்கரம் மேலேயும் பின்சக்கரம் சரிவிலும் நிற்பது வழக்கம். அந்த நிலையில் காரைத் தூக்குவது ஆபத்து. ஆயில் அளவும் தப்பாகவே காட்டும். கொத்தனாரின் ரசமட்டம் கிடைத்தால் தரையில் நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். மழைநீர் ஓடட்டும் என்று கொடுத்திருக்கும் லேசான வாட்டம் பரவாயில்லை.

போர்டிகோவில் டைல்ஸ் ஒட்டியிருந்தால், ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் முக்கால் அங்குல பிளைவுட் பலகை கொடுங்கள். டைல்ஸுக்கு அடியில் வெற்றிடம் இருந்தால் அது சட்டென்று உடையும். அந்த நொடியில் கார் நகரும். மண் தரையிலும் பலகை இல்லாமல் ஸ்டாண்ட் வைக்காதீர்கள்.

கீழே சொல்லும் நான்கையும் எந்தக் காரணத்துக்காகவும் மீற வேண்டாம்:

- ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையோ கையோ கொடுக்கக் கூடாது. காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்.
- ஸ்டாண்டுக்குப் பதிலாகச் செங்கல், ஹாலோ பிளாக், உரல் எதையும் வைக்கக் கூடாது. ஹாலோ பிளாக் விரிசல் காட்டிவிட்டு உடைவதில்லை. ஒரே அடியாக நொறுங்கும்.
- பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் (ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில்) நிறுத்த வேண்டும்.
- வீட்டில் ஒருவருக்குச் சொல்லாமல் அடியில் படுக்கக் கூடாது. குழந்தைகளும் நாயும் வீட்டுக்கு உள்ளே இருக்கட்டும்.

ஸ்டார்ட் பட்டன் உள்ள கார், ஹைபிரிட் கார் என்றால் சாவியை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். ஹைபிரிட் எஞ்சின் தானாகவே ஓடத் தொடங்கக் கூடியது. மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள், கூந்தலை முடிந்துகொள்ளுங்கள், துப்பட்டாவோ வேட்டி நுனியோ தொங்கக் கூடாது.

வடிப்பது

1. எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். வெதுவெதுப்பான ஆயில் அடியில் தங்கிய அழுக்கையும் இழுத்துக்கொண்டு வரும். திருமங்கலம் போய்வந்த கையோடு போல்ட்டைத் திறந்தால் கை வெந்துவிடும்.

2. பானெட்டைத் திறந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்துங்கள். மேலே காற்று போனால் கீழே ஆயில் தடையில்லாமல் இறங்கும்.

3. கையேடு காட்டும் இடத்தில் ஜாக்கி கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு ஸ்டாண்டையும் வைத்து, கார் முழுவதும் அவற்றின் மேல் உட்காரும்படி ஜாக்கியை இறக்குங்கள். பக்கவாட்டில் நின்று கையால் காரை ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் மறுபடி தூக்கிச் சரிசெய்யுங்கள்.

4. அடியில் பிளாஸ்டிக் கவர் இருந்தால் கிளிப்புகளைக் கழற்றுங்கள். எது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று ஃபோனில் ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது.

5. ட்ரெயின் போல்ட் எது என்று உறுதிசெய்யுங்கள். அது எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் சேம்பரின் மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்கும். பக்கத்திலேயே கியர் பாக்ஸுக்கும் ஒரு போல்ட் உண்டு. அதைத் திறந்து கியர் ஆயிலை வடித்துவிட்டு, மேலே எஞ்சினில் இன்னொரு மூன்று லிட்டரை ஊற்றியவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஓட்டினால் கியர் பாக்ஸ், எஞ்சின் இரண்டுமே போகும். வடியும் ஆயில் கறுப்பாக இல்லாமல், வேறு நிறத்தில், வேறு வாடையோடு வந்தால் உடனே நிறுத்திவிட்டு எந்த போல்ட் என்று பாருங்கள்.

6. தொட்டியைப் போல்ட்டுக்கு நேர் கீழே வைக்காமல், போல்ட் பார்த்திருக்கும் திசையில் ஒரு சாண் தள்ளி வையுங்கள். முதலில் ஆயில் வளைந்து பாயும். அழுத்தம் குறையக் குறைய வளைவு சுருங்கித் தொட்டியின் விளிம்பை நோக்கி வரும். அப்போது தொட்டியை உள்ளே தள்ளிக்கொடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் எழுந்து போனால் போர்டிகோவில் கறை நிற்கும்.

7. ஸ்பேனரால் போல்ட்டைத் தளர்த்தி, கடைசிச் சில மரைகளைக் கையால் கழற்றுங்கள். கழற்றும்போது போல்ட்டை மேல்நோக்கி அழுத்திப் பிடியுங்கள். முழுதும் கழன்றது தெரிந்ததும் வெடுக்கென்று பக்கவாட்டில் இழுத்துக்கொண்டால் ஆயில் கையில் வழியாது.

8. பதினைந்து இருபது நிமிடம் வடியட்டும். அதற்குள் போல்ட்டைத் துடைத்துப் பாருங்கள். நுனியில் கருப்புப் பசை போல மிக நைசான இரும்புத் துகள் ஒட்டியிருப்பது இயல்பு. விரலுக்குத் தட்டுப்படும் சில்லுகள் இருந்தால் நல்ல மெக்கானிக்கிடம் காட்ட வேண்டிய நேரம்.

வடிந்த ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டீசல் காரில் புது ஆயில்கூட ஒரே நாளில் கறுத்துவிடும். பால் ஊற்றிய டீ போல வெளுத்து வந்தால்தான் கவலைப்பட வேண்டும், தண்ணீர் கலந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கார் தண்ணீருக்குள் நின்றிருந்தாலோ, ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிந்தாலோ இப்படி வரும். அந்தக் காரை ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊற்றி எஞ்சினை உள்ளே கழுவும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. செய்யாதீர்கள். கடைசி வரை வடியாமல் தங்கும் மண்ணெண்ணெய் புது ஆயிலை நீர்க்கச் செய்துவிடும்.

ஃபில்டர்

9. தொட்டியை ஃபில்டருக்கு அடியில் நகர்த்தி, கப்பால் தளர்த்தி, பிறகு கையால் கழற்றுங்கள். உள்ளேயும் கால் லிட்டர் வரை ஆயில் இருக்கும்.

10. கழற்றிய பழைய ஃபில்டரின் வாயைப் பாருங்கள். கறுப்பு ரப்பர் வளையம் அதிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அது எஞ்சின் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு ரப்பர் ஒன்றன் மேல் ஒன்றாக உட்காரும். ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் தாங்காமல் ஒன்று பிதுங்கி, ஒரு நிமிடத்துக்குள் மொத்த ஆயிலும் தரைக்கு வந்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள்.

11. உட்காரும் முகத்தைத் துணியால் துடையுங்கள். புது ஃபில்டரின் ரப்பரில் புது ஆயிலை விரலால் தடவுங்கள். உலர்ந்த ரப்பர் திருகும்போது சுருண்டுவிடும்.

12. கையால் திருகுங்கள். ரப்பர் தொட்டதும் அங்கிருந்து முக்கால் சுற்று. ஃபில்டரின் மேலேயே எவ்வளவு என்று எழுதியிருந்தால் அதன்படி. பெல்ட் போட்டு இறுக்கக் கூடாது. அடுத்த முறை கழற்ற முடியாது. சில கார்களில் ஃபில்டர் தாள் வடிவில் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும். அவற்றில் மூடியின் ஓ-ரிங்கையும் புதிதாக மாற்ற வேண்டும்.

13. ட்ரெயின் போல்ட்டில் புது வாஷர் போட்டு, முதலில் கையால் மட்டும் ஐந்தாறு மரை ஏற்றுங்கள். கோணலாக ஏறினால் ஸ்பேனர் அதைச் சரிசெய்யாது, மரையை அறுத்துவிடும். சில கார்களில் சேம்பர் அலுமினியம், போல்ட் இரும்பு. பல சிறிய கார்களில் இறுக்கம் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் அளவு. டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டின் எண்ணை வைத்து இறுக்குங்கள். இல்லையென்றால், 20 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 18 கிலோ எடை தொங்கினால் வரும் முறுக்குவிசைதான் 35 நியூட்டன் மீட்டர் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலால் மிதிப்பது, ஸ்பேனரில் பைப் சொருகுவது எல்லாம் வேண்டாம்.

மரை ஏற்கெனவே போயிருந்தால் டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சமாளிக்க வேண்டாம். மதுரை, டி.வி. சுந்தரம் ஐயங்கார் பேருந்துத் தொழில் வளர்த்த ஊர். வண்டி வேலை தெரிந்த கைகளுக்கும் லேத் பட்டறைகளுக்கும் இங்கே பஞ்சமில்லை. புது மரை வெட்டியோ, உள்ளே மரைச்சுருள் பதித்தோ கொடுத்துவிடுவார்கள்.

ஊற்றுவது, அளப்பது

கையேட்டின் கொள்ளளவுப் பட்டியலில் இரண்டு மூன்று எண்கள் இருக்கும். ஃபில்டர் மாற்றாமல் எவ்வளவு, ஃபில்டரோடு எவ்வளவு, எஞ்சினை முழுதும் பிரித்து மாட்டினால் எவ்வளவு என்பவை அவை. உங்களுக்கு வேண்டியது நடுவில் உள்ளது. முழுக் கொள்ளளவு எண்ணைப் பார்த்து ஊற்றுவது பெரிய தவறு. எவ்வளவு வடித்தாலும் எஞ்சினின் இண்டு இடுக்குகளில் பழைய ஆயில் கொஞ்சம் தங்கியே இருக்கும். சிறிய பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 4 லிட்டருக்குள் வரும். பெரிய டீசல் வண்டிகள் இதைப் போல இரு மடங்குகூடக் கேட்கும்.

உதாரணத்துக்கு, உங்கள் கையேட்டில் ஃபில்டரோடு 3.1 லிட்டர் என்று இருக்கிறது, கையில் 3.5 லிட்டர் கேன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

14. காரை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, நான்கு சக்கரமும் மட்டமான தரையில் நிற்கும்படி செய்யுங்கள். போல்ட்டும் ஃபில்டரும் இறுகியிருக்கின்றனவா என்று இறக்கும் முன் ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

15. புனல் வைத்து 2.7 லிட்டரை மெதுவாக ஊற்றுங்கள். குவளையால் அளந்து ஊற்றுங்கள். கேனின் பக்கக்கோட்டை நம்ப வேண்டாம். ஐந்து நிமிடம் பொறுங்கள். ஆயில் மேலிருந்து சேம்பருக்கு இறங்க அந்த நேரம் தேவை.

16. ஆயில் கேஜை உருவித் துடைத்து, முழுதும் உள்ளே சொருகி, மறுபடி உருவிப் பாருங்கள். இப்போது கீழ்க்குறிக்கு மேலே இருக்க வேண்டும். மேல்குறியை நெருங்கியே இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். புது ஃபில்டர் இன்னும் காலியாக இருக்கிறது.

17. மூடியைப் போட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். சிவப்பு ஆயில் லைட் சில நொடிகளில் அணைய வேண்டும். ஐந்து நொடி தாண்டியும் எரிந்தால் அணைத்துவிடுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு, அடியில் குனிந்து போல்ட்டிலும் ஃபில்டரிலும் கசிவு பாருங்கள்.

18. அணைத்துவிட்டு ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருங்கள். இப்போது அளந்தால் ஃபில்டர் குடித்தது போக மீதி அளவு தெரியும். முதலில் பார்த்ததைவிட இறங்கியிருக்கும். இந்த அளவுதான் கணக்கு.

19. கேஜில் இரண்டு குறிகளுக்கும் இடையில் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். பல கார்களில் அந்த இடைவெளி ஏறக்குறைய ஒரு லிட்டர். சரியான எண் சில கையேடுகளில் இருக்கும். இடைவெளி 20 மி.மீ., கொள்ளளவு ஒரு லிட்டர் என்றால் 2 மி.மீ.க்கு 100 மி.லி. ஆகிறது. மேல்குறிக்கு 6 மி.மீ. குறைகிறது என்றால் 300 மி.லி. தேவை, 200 ஊற்றுங்கள், நிறுத்துங்கள்.

20. மூன்று நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். இனிமேல் 50 மி.லி. கணக்கில்தான் ஊற்ற வேண்டும். மேல்குறிக்கு ஒன்றிரண்டு மி.மீ. கீழே நின்றால் வேலை முடிந்தது. குறியைத் தொட்டே ஆக வேண்டும் என்று இன்னொரு மூடி ஊற்றத் தோன்றும், ஊற்றாதீர்கள்.

கேஜைப் படிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புது ஆயில் தண்ணீர் போலத் தெளிவாக இருப்பதால் கோடு எங்கே நிற்கிறது என்பது சட்டென்று தெரியாது. கேஜை வெயிலில் சாய்த்துப் பிடித்து, இரண்டு பக்கத்தையும் பாருங்கள். உருவும்போது குழாயின் சுவரில் பட்டு ஒரு பக்கம் அதிகமாகப் பூசியிருக்கும். இரண்டு பக்கத்தில் எது குறைவோ அதுவே உண்மை. கேஜே இல்லாமல் டாஷ்போர்டில் அளவு காட்டும் சில வெளிநாட்டுக் கார்களில் கையேடு சொல்லும் முறையை அப்படியே பின்பற்றுங்கள்.

கூடிப்போனால்

குறைந்தால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரிகிறது. கூடினாலும் ஆபத்து என்பதைப் பலர் நம்புவதில்லை. சேம்பரில் ஆயில் மட்டம் உயர்ந்தால், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் பாதி காற்று. பம்ப் அந்த நுரையை உறிஞ்சினால் பேரிங்குகளுக்குப் போதிய ஆயில் கிடைக்காது. நிறைய ஆயில் இருந்தும் எஞ்சின் பட்டினி கிடக்கும். உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கசியத் தொடங்கும். மிச்சம் காற்றுக்குழாய் வழியாக எரியறைக்குள் போய் நீலப் புகையாக வரும். புகை போகும் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். டீசல் எஞ்சினில் இன்னும் மோசம்: அந்த ஆயிலையே எரிபொருளாகக் கொண்டு, சாவியைத் திருப்பினாலும் அணையாமல் வெறிபிடித்து ஓடிய எஞ்சின்கள் உண்டு.

மேல்குறியை ஒன்றிரண்டு மி.மீ. தாண்டியிருந்தால் பதற வேண்டாம். ஆனாலும் எடுத்துவிடுவது நல்லது. 50 மி.லி. சிரிஞ்சும், கேஜ் குழாய்க்குள் நுழையும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயும் இருந்தால் மேலேயே உட்கார்ந்து உறிஞ்சி எடுத்துவிடலாம். அரை லிட்டருக்கு மேல் கூடியிருந்தால் காரை ஓட்டாமல், மறுபடி ஸ்டாண்டில் ஏற்றி ட்ரெயின் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் விடுங்கள்.

பிஎஸ் 6 டீசல் கார்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. நீங்கள் சரியாக ஊற்றியும், இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மட்டம் மேல்குறியைத் தாண்டி நிற்கலாம். டிபிஎஃப் வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க எஞ்சின் கூடுதல் டீசலைச் செலுத்தும். இரண்டு மூன்று கிலோமீட்டரில் எஞ்சினை அணைத்துவிட்டால் அந்த வேலை பாதியில் நின்று, எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். ஆயில் கூடுவது போலத் தெரிவது உண்மையில் டீசல். கேஜை முகர்ந்தால் வாடை வரும். வாரம் ஒரு முறை நான்குவழிச் சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுவது இதைத் தடுக்கும். ஏற்கெனவே கூடிவிட்டால் கொஞ்சம் எடுத்துவிடுவது தீர்வாகாது. மொத்தமாக மாற்ற வேண்டும்.

பழைய ஆயிலை என்ன செய்வது

சாக்கடையில் ஊற்றக் கூடாது, காலி மனையிலும் கூடாது. நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு போர்வெல் இருக்கிறது. மண்ணில் ஊற்றியது நாம் குடிக்கும் தண்ணீரை நோக்கித்தான் இறங்கும். கரையானுக்குக் கதவு நிலையில் பூசுவது, சென்டரிங் பலகைக்குத் தடவுவது எல்லாம் பழக்கத்தில் உள்ளவைதான். ஆனால் ஓடிய ஆயிலில் உலோகத் துகள்களும் எரிந்த கழிவுகளும் இருக்கின்றன. தொடர்ந்து தோலில் பட்டால் தோல் புற்றுநோய்க்கு இட்டுச்செல்லக் கூடியவை அவை. கையுறையைச் சொன்னதும் அதனால்தான்.

2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவு. 2023-இல் திருத்தப்பட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், அதைத் திரும்பப் பெற்று மறுசுத்திகரிப்பதற்கான பொறுப்பை ஆயில் உற்பத்தியாளர்கள் மீது வைத்திருக்கின்றன. நீங்கள் செய்ய வேண்டியது எளிது. ஐந்து லிட்டர் கேனில் ஊற்றி, தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல் இறுக மூடி, "பழைய ஆயில்" என்று எழுதி, ஆயில் வாங்கிய கடையிலோ பக்கத்து சர்வீஸ் சென்டரிலோ எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள். பழைய ஃபில்டரை ஓர் இரவு கவிழ்த்துவைத்து வடித்த பிறகு அதோடு சேர்த்துக் கொடுங்கள். தரையில் சிந்தியதன் மேல் மணலோ மரத்தூளோ போட்டு ஊறவிட்டு அள்ளுங்கள்; தண்ணீர் விட்டுக் கழுவினால் வாசல் முழுக்கப் பரவும்.

முதல் வாரம்

அன்றே கப்பலூர் வரை ஓட்டிப் போய்த் திரும்புங்கள். வந்ததும் காருக்கு அடியில் செய்தித்தாளை விரித்துவைத்து, மறுநாள் காலை பாருங்கள். ஒரு சொட்டு விழுந்திருந்தால் அது போல்ட் பக்கமா, ஃபில்டர் பக்கமா என்று தாளே சொல்லும். அடிக்கவரில் சிந்திய பழைய ஆயில் முதல் நாள் சொட்டலாம். துடைத்துவிட்டு, மூன்றாம் நாளும் சொட்டினால்தான் கசிவு.

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கேஜை ஒரு தரம் பாருங்கள். பிறகு 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை அல்லது மாதம் ஒரு முறை, அதே இடத்தில் நிறுத்தி, அதே காலை நேரத்தில். இடமும் நேரமும் மாறாமல் இருந்தால்தான் ஆயில் குறைகிறதா என்பது தெரியும்.

தேதி, ஓடோமீட்டர் எண், ஆயில் வகை, கடைசியில் உள்ளே போன அளவு நான்கையும் ஒரு மாஸ்கிங் டேப்பில் பேனாவால் எழுதி, பானெட்டின் உட்பக்கம் சூடு அதிகம் படாத ஓரத்தில் ஒட்டுங்கள். மேலே சொன்ன உதாரணக் காரில் மொத்தம் 3.05 லிட்டரில் மட்டம் சரியாக நின்றிருந்தால், அடுத்த முறை 2.9 ஊற்றிவிட்டே எஞ்சினை ஸ்டார்ட் செய்யலாம்.